கன்னியாகுமரி மாவட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி: நல அலுவலகத்தில் எதை, எப்படி, எப்போது கேட்பது

பட்டாளத்துக்கு ஆள் அனுப்புவது குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை முறியடித்த மார்த்தாண்ட வர்மாவின் வீரர்களும், பின்னர் உதயகிரிக் கோட்டையில், அந்தப் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய் பயிற்றுவித்த படைப்பிரிவுகளும் இந்த மண்ணில்தான் நின்றன. அந்தத் திருவிதாங்கூர்ப் படையின் மரபில் வந்த பட்டாலியன்கள் இன்றும் மெட்ராஸ் ரெஜிமெண்டில் உள்ளன. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் ராணுவத்திலோ கடற்படையிலோ விமானப்படையிலோ பணியாற்றி வந்தவர்களை ஊர்தோறும் பார்க்கலாம். ஆயினும் அவர்களுக்கென மாநில அரசு நடத்தும் முன்னாள் படைவீரர் நலத்துறை என்னவெல்லாம் செய்கிறது என்பது பெரும்பாலும் அவர்கள் இறந்தபின் மனைவியர் அலையும்போதுதான் குடும்பத்துக்குத் தெரியவருகிறது.

தகுதியின்மையால் மறுக்கப்படும் விண்ணப்பங்களைவிட, தாள்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றுபோகும் விண்ணப்பங்களே அதிகம் என்பது என் கணிப்பு. ஆகவே இந்த வழிகாட்டி உதவித்தொகைகளை அடுக்குவதற்கு முன்னால் ஆவணங்களைப் பற்றி நிறையவே பேசுகிறது. பொறுமையாகப் படிக்க வேண்டும்.

யார் நடத்துகிறார்கள், யார் பணம் தருகிறார்கள்

தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நலன், அரசின் பொதுத்துறையின்கீழ் வருகிறது. சென்னையில் இயக்குநரகமும், மாவட்டங்களில் உதவி இயக்குநர் அலுவலகங்களும் உள்ளன. நமக்குரிய அலுவலகம் நாகர்கோவிலில் இருக்கிறது. மாவட்ட அளவிலான வாரியத்துக்கு மாவட்ட ஆட்சியரே தலைவர். அலுவலகத்தில் நல அமைப்பாளர் என்றொரு பணியாளர் இருப்பார். பொதுவாக அவரும் படையில் பணியாற்றியவராகவே இருப்பதால், படையிலிருந்து விலகும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கும் என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. முதல்முறை செல்பவர்கள் நேராக அவரைச் சந்திப்பதே நல்லது.

இங்கே ஒரு நுட்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே வாசல் வழியாக இரண்டு அரசுகளின் உதவிகள் வருகின்றன. டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் இயங்கும் கேந்திரிய சைனிக் போர்டு தரும் உதவிகள் ஒரு வகை. தமிழ்நாடு அரசு தன் தொகுப்பு நிதி, கொடிநாள் நிதி ஆகியவற்றிலிருந்தும் அரசாணைகளின் வழியாகவும் தரும் உதவிகள் மற்றொரு வகை. மாவட்ட அலுவலகத்தை நடத்தும் செலவையே மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றுக்கான நிபந்தனை மற்றொன்றுக்குப் பொருந்தாது. மத்திய உதவிகள் பலவற்றுக்கு ஹவில்தார் தரமும் (ராணுவத்தில் சார்ஜெண்டுக்கு இணையானது) அதற்குக் கீழும் என்ற வரம்பு உண்டு, விண்ணப்பமும் இணையத்தில்தான். "அந்த உதவி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால், எந்த அரசின் எந்த உதவி என்று திருப்பிக் கேளுங்கள்.

ஓய்வூதியம் இந்த இரண்டிலும் சேராது. அதை பாதுகாப்புக் கணக்குத் துறை, பிரயாக்ராஜில் உள்ள அலுவலகத்தின் வழியாகவும் 'ஸ்பர்ஷ்' இணையத்தளத்தின் வழியாகவும் வழங்குகிறது. நல அலுவலகம் அதைத் தருவதில்லை. ஆனால் அதில் சிக்கல் வந்தால் உரிய இடத்துக்குக் கடிதம் எழுதி உதவும்.

முதல் படி: நீங்கள் 'முன்னாள் படைவீரர்' தானா?

படையில் இருந்தவர் எல்லாரும் சட்டப்படி முன்னாள் படைவீரர் ஆவதில்லை. ஓய்வூதியம் பெற்று விலகியவர், படைப்பணியால் ஏற்பட்ட உடல்நலக் குறைவின் காரணமாக மருத்துவ அடிப்படையில் விடுவிக்கப்பட்டவர், வரையறுத்த ஒப்பந்தக் காலத்தை முடித்துப் பணிக்கொடையோடு வந்தவர் ஆகியோர் இந்த வரையறைக்குள் வருவர். ஓய்வூதியத் தகுதி எய்துமுன் சொந்த விருப்பத்தில் விலகியவரும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவரும் வரமாட்டார்கள். விலகிய தேதியைப் பொறுத்து வரையறை மாறும் என்பதால், பழைய தலைமுறையினர் தங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விலகலுக்கான காரணம் எழுதப்பட்ட பக்கத்தை நல அமைப்பாளரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை ஆகியவற்றில் பணியாற்றியவர்களை ஊரில் எல்லாரும் பட்டாளக்காரர் என்றே அழைப்பார்கள். அவர்கள் பட்ட பாடும் குறைவானதல்ல. என்றாலும் அவர்கள் உள்துறை அமைச்சகத்தின்கீழ் வருபவர்கள். அவர்களது நலனை அந்த அமைச்சகத்தின் நலன் மற்றும் மறுவாழ்வு வாரியம் கவனிக்கிறது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் நாகர்கோவிலுக்கு வீணாக ஒரு பயணம் மிச்சமாகும். 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடித்து வெளியேறும் அக்னிவீரர்களுக்கும், அத்திட்டத்தின் விதிகளின்படி, ஓய்வூதியமோ முன்னாள் படைவீரர் தகுதியோ இல்லை.

இரண்டாம் படி: பதிவும் அடையாள அட்டையும்

வீரர் விலகும்போது நிரந்தர முகவரியாக எதை எழுதிக்கொடுத்தாரோ, அந்த மாவட்டத்துக்கே அவரது ஆவணங்களைப் படைப்பிரிவின் ஆவண அலுவலகம் அனுப்பும். குமரி மாவட்டத்தில் இது ஒரு தனிச் சிக்கலை உண்டாக்குகிறது. களியக்காவிளைக்கு அப்பால் கேரளம்; திருமணம், வேலை, பிள்ளைகளின் படிப்பு எனக் குடும்பங்கள் எல்லையின் இருபுறமும் பரவியிருக்கின்றன. பாறசாலையிலோ திருவனந்தபுரத்திலோ வாழ்ந்த காலத்தில் அந்த முகவரியைக் கொடுத்தவரின் ஆவணங்கள் அங்கே போயிருக்கும். பின்னர் அவர் மார்த்தாண்டத்தில் வீடு கட்டிக் குடியேறியிருந்தால், அங்குள்ள அலுவலகத்தில் பதிவை நீக்கி, ஆவணங்களை நாகர்கோவிலுக்கு மாற்றித் தருமாறு எழுதிக்கேட்க வேண்டும். தமிழ்நாட்டின் உதவிகள் தமிழ்நாட்டில் பதிந்து இங்கே வசிப்பவர்களுக்கே. இரண்டு மாநிலங்களிலும் பெயரை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள், உதவித்தொகை கேட்கும் நாளில் இரண்டையும் இழக்க நேரிடலாம்.

பதிவுக்குச் செல்லும்போது அசல் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், கணவன் மனைவி இருவரின் ஒளிப்படங்கள் ஆகியவற்றையும், அனைத்தின் நகல்களையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஸ்பர்ஷ் முறைக்கு மாறியவர்கள் புதிய ஓய்வூதிய ஆணை எண்ணையும் குறித்துக்கொள்வது அவசியம்; பழைய ஆணையை மட்டும் காட்டினால் சரிபார்ப்பில் தடை வரும். அசலைச் சரிபார்த்தபின் திருப்பித் தந்துவிடுவார்கள். அடையாள அட்டை இல்லாமல் பின்வரும் எந்தப் படிக்கும் போக முடியாது. இந்தப் பணிகளை முடித்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

வேலைவாய்ப்புக்காகவும் பதிய விரும்புபவர்கள் அதே நாளில் அதையும் சொல்லிவிட வேண்டும். அது தனிப் பதிவு.

மூன்றாம் படி: பெயரும் பிறந்த தேதியும்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். நான்கு தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள்: டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம். மனைவியின் பெயர் நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா?

பல வீடுகளில் இருக்காது. புதிதாகத் திருமணமான சிப்பாய், வடநாட்டு முகாமொன்றில், தமிழ் தெரியாத எழுத்தரிடம் மனைவியின் பெயரைச் சொல்லியிருப்பார். அவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். 'தமிழ்ச்செல்வி' வெறும் 'செல்வி' ஆகியிருப்பார். திருமுழுக்குப் பெயர் ஒன்றும் வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்றுமாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில், 'மேரி புஷ்பம்' ஆலயப் பதிவேட்டிலும் 'புஷ்பபாய்' ரேஷன் அட்டையிலும் இருப்பார். முன்னெழுத்தை ஓர் ஆவணத்தில் தந்தை பெயராகவும் மற்றொன்றில் ஊர்ப் பெயராகவும் விரித்திருப்பார்கள். வீரர் உயிரோடு இருக்கும்வரை இதனால் எந்தத் தொல்லையும் தெரியாது. ஓய்வூதியம் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். அவர் கண்மூடிய மறுமாதம், 'ஆணையில் உள்ள செல்வியும் ஆதாரில் உள்ள தமிழ்ச்செல்வியும் ஒருவர்தானா?' என்ற கேள்வி அந்த அம்மாவின் முன் வந்து நிற்கும்.

பிறந்த தேதியில் இன்னொரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. அதற்கு முன் பிறந்தவர்களின் பழைய ஆவணங்கள் மலையாள எழுத்திலும், தேதிகள் மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டிலும் இருக்கக் காணலாம். அதை மாற்றிக் கணக்கிட்டபோது ஓராண்டு கூடியோ குறைந்தோ போயிருக்கும். மூத்த வயதில் ஓய்வூதியம் கூடுதலாகும் கட்டம் வரும்போது இந்த ஓராண்டு பணமாகவே இழப்பைத் தரும். அத்தகைய தாளைச் சமர்ப்பிக்கும்போது சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பையும் இணைத்துவிட வேண்டும்.

திருத்தும் முறை இதுதான். வீரரும் மனைவியும் சேர்ந்து, இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுக்க வேண்டும். அதனோடு திருமணச் சான்று, ஆதார், கூட்டு ஒளிப்படம் ஆகியவற்றை இணைத்து, நல அலுவலகத்தின் வழியாகத் தம் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயரே முற்றிலும் மாறியிருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டிவரும். ஆவண அலுவலகம் ஏற்றுக்கொண்டபின் திருத்திய ஓய்வூதிய ஆணை வரும். அது ஸ்பர்ஷ் கணக்கிலும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

எங்கே எழுதுவது என்று பலரும் மறந்திருப்பார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியின் வெலிங்டன். மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு. சிக்னல் படை ஜபல்பூர். பீரங்கிப் படை நாசிக். மின்னியந்திரப் பொறியாளர் படையாகிய இ.எம்.இ. செகந்திராபாத், ராணுவ மருத்துவப் படை லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்தில் உள்ள மாலுமிகள் அலுவலகமும், விமானப்படையினருக்கு டெல்லி சுப்ரதோ பூங்காவில் உள்ள ஆவண அலுவலகமும் உரியவை. கடிதத்தில் படை எண், தரம், பெயர், படைப்பிரிவு, விலகிய தேதி ஆகிய ஐந்தும் மேலேயே இருக்க வேண்டும். படை எண் இல்லாத கடிதத்தைத் தேடிப்பிடித்துப் பதில் அனுப்ப அவர்களால் இயலாது.

ஓய்வு பெற்றபின் திருமணம் செய்தவர்கள், முதல் மனைவி இறந்து மறுமணம் செய்தவர்கள், விலகியபின் குழந்தை பிறந்தவர்கள் ஆகியோர் அந்த விவரங்களையும் இதே வழியில் பதிய வேண்டும். ஓய்வுக்குப்பின் மணந்த மனைவிக்கும் குடும்ப ஓய்வூதிய உரிமை உண்டு. பதிவில் இல்லாவிட்டால் அதை நிறுவுவதுதான் கடினம். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு அந்தப் பெயரை ஏற்றிவிட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது.

நான்காம் படி: வீரர் மறைந்தபின் செய்ய வேண்டியவை

இறப்பை உள்ளாட்சி அமைப்பில் 21 நாட்களுக்குள் பதிந்து சான்று பெற வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அங்கேயே விவரம் போகும். வீட்டில் இறந்தால் குடும்பத்தினர்தான் பதிய வேண்டும். சான்றில் வீரரின் பெயர் ஓய்வூதிய ஆணையில் உள்ளபடியே இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து, ஸ்பர்ஷில் இறப்பைத் தெரிவித்து, மனைவியின் ஆதார், நிரந்தரக் கணக்கு எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு குடும்ப ஓய்வூதியம் கோர வேண்டும். இணையத்தில் செய்யத் தெரியாதவர்கள் பொதுச் சேவை மையத்திலோ ஸ்பர்ஷ் சேவை மையத்திலோ செய்துகொள்ளலாம். இறப்பைத் தெரிவிக்காமல் விட்டால் தொடர்ந்து வரவான முழு ஓய்வூதியம் பின்னால் பிடித்தம் செய்யப்படும். அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்ட குடும்பங்களின் தவிப்பு பெரிது. ஓய்வு பெற்றவர் இறந்தால், மனைவிக்கு முதல் 7 ஆண்டுகளுக்கோ, வீரர் உயிரோடிருந்திருந்தால் 67 வயதை எட்டும் நாள் வரையோ, இதில் எது முந்தியதோ அதுவரை உயர்விகிதக் குடும்ப ஓய்வூதியமும், அதன்பின் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காட்டுச் சாதாரண விகிதமும் உண்டு. அந்த மாற்றம் நிகழும் மாதத்தில் தொகை குறைவதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டாம்.

அதன்பின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீரரின் அடையாள அட்டை ஆகியவற்றோடு நாகர்கோவில் அலுவலகத்தில் பதிவைக் கைம்பெண் பெயருக்கு மாற்ற வேண்டும். ஈமச்சடங்கு உதவியும் மாநில நிதியிலிருந்து பிற உதவிகளும் இந்தப் பதிவின் பிறகே கிடைக்கும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் வழங்குவார்.

ஓய்வூதியம் பெறுபவர் எவரும் ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று அளிக்க வேண்டும். கைபேசியில் முகம் காட்டியும் செய்யலாம்; அஞ்சலகத் தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்தும் செய்யலாம். படுக்கையில் இருப்பவர்களுக்கு இரண்டாவது வழியே ஏற்றது.

ஓய்வூதியமே இல்லாத முன்னாள் படைவீரரும் அவர்களது கைம்பெண்களும் இருக்கிறார்கள். பழைய ஒப்பந்த முறைகளில் சில ஆண்டுகள் மட்டும் பணியாற்றி வந்தவர்கள் அவர்கள். ஹவில்தார் தரத்துக்குட்பட்டு, 65 வயது கடந்தவர்களாக இருந்தால், கேந்திரிய சைனிக் போர்டு வாழ்நாள் வறுமை உதவியாக மாதம் 8,000 ரூபாய் தருகிறது. இது 4,000 ஆக இருந்தது; 2025 நவம்பர் 1 முதல் பெறப்படும் விண்ணப்பங்களுக்கு இரட்டிப்பாக்கப்பட்டது. மலையோரச் சிற்றூர்களில் இத்தகைய முதியவர்கள் யாரும் கவனிக்காமல் இருக்கக்கூடும். அண்டை வீட்டில் ஒருவர் இருந்தால் அவரை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வது படித்தவர்களின் கடமை. இரண்டாம் உலகப்போரில் பணியாற்றியவர்களின் கைம்பெண்களுக்கு மாநில அரசின் தனி நிதியுதவி உண்டு. இன்று அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே.

ஐந்தாம் படி: பிள்ளைகளின் படிப்பும் திருமணமும்

மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து பள்ளி முதல் பட்டமேற்படிப்பு வரை கல்வி உதவித்தொகை வழங்கப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். சென்ற ஆண்டு கிடைத்தது என்பதால் இந்த ஆண்டு தானாக வராது. கல்லூரி முதல்வரிடம் படிப்புச் சான்று வாங்குவதைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே முடித்துவிட்டால் கடைசி நேர ஓட்டம் இராது.

மத்திய அரசின் கல்வி உதவி, ஹவில்தார் தரம் வரையிலானோரின் இரு பிள்ளைகளுக்கு, ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, தலைக்கு மாதம் 2,000 ரூபாய். இதுவும் 2025 நவம்பர் 1 முதல் 1,000-இலிருந்து உயர்ந்ததே. மகளின் திருமணத்துக்கு, இரு மகள்கள் வரை, ஒவ்வொருவருக்கும் 1,00,000 ரூபாய். கைம்பெண் மறுமணத்துக்கும் அதே தொகை. திருமணம் முடிந்தவுடன் பதிவுத்துறையில் பதிந்து சான்று வாங்கி விண்ணப்பித்துவிட வேண்டும். ஆலயத்தில் தந்த சான்றோ மண்டபத்தின் ரசீதோ மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டம் தரத்தைப் பார்ப்பதில்லை. அதிகாரியின் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். பொறியியல், மருத்துவம், பி.எட்., செவிலியப் பட்டம் போன்ற தொழிற்கல்விகளில் முதலாண்டு சேர்ந்தவர்கள், அதற்கான அடிப்படைத் தேர்வில் 60 விழுக்காடு பெற்றிருந்தால், பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500 ரூபாய் கிடைக்கும். செவிலியப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் பெண்கள் மிகுந்த நம் மாவட்டத்தில் இத்திட்டம் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும். முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். இரண்டாமாண்டில் கண்விழித்தால் பயனில்லை.

மத்திய உதவிகளுக்கான நடைமுறை ஒன்றே. போர்டின் இணையத்தளத்தில் கணக்குத் தொடங்கி, ஆவணங்களைப் பதிவேற்றி விண்ணப்பிக்க வேண்டும். பிறகு அசல்களோடு நாகர்கோவில் அலுவலகத்துக்குச் சென்று சரிபார்ப்பை முடிக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைச் செய்யாமல், கணினி மையத்தில் 'சமர்ப்பித்தாயிற்று' என்ற தாளை வாங்கிக்கொண்டு காத்திருப்பவர்கள் நிறையப் பேர். மாவட்ட அலுவலகம் பரிந்துரைத்து அனுப்பாத விண்ணப்பம் டெல்லிக்குப் போவதே இல்லை.

கல்லூரிச் சேர்க்கையில் ஒதுக்கீடும் உண்டு. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இதற்கு உதவி இயக்குநர் தரும் சார்ந்தோர் சான்று கட்டாயம். பிளஸ் டூ முடிவு வந்தபின் எல்லாரும் ஒரே வாரத்தில் அலுவலகத்தில் குவிவார்கள். தேர்வு எழுதி முடித்த கையோடு சென்று வாங்கிக்கொள்வதே அறிவுடைமை. போரில் உயிரிழந்தோர், படைப்பணியில் ஊனமுற்றோர், வீர விருது பெற்றோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை வரிசையில் மேலிடம் உண்டு என்பதால், அந்த வகை சான்றில் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: வேலையும் தொழிலும்

நாற்பது வயதுக்குள் ஓய்வு பெறுபவர்கள் நிறைய இருப்பதால் மறுவேலை முக்கியமானது. காவலர் தேர்வில் முன்னாள் படைவீரர்களுக்கு 5 விழுக்காடு இடங்கள் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் வயது வரம்புத் தளர்வும், இருமுறை கட்டண விலக்கும் உண்டு. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடு. தேர்வு எழுத விருப்பமில்லாதவர்களுக்கு முன்னாள் படைவீரர்களுக்காக 1986-இல் தொடங்கப்பட்ட மாநில அரசு நிறுவனமான டெக்ஸ்கோ வழியாகப் பாதுகாவலர் பணி கிடைக்கிறது.

தொழில் தொடங்க விரும்புபவர்களுக்கு 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் இருக்கிறது. 2024 ஆகஸ்டு 15 அன்று சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும், அதில் 30 விழுக்காடு மூலதன மானியமும், 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. படைப்பணியில் உயிரிழந்தோரின் கைம்பெண்களும் பயன்பெறலாம். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மானியத்தை மனத்தில் வைத்துத் தொழிலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கடனைத் தருவது வங்கி. அது தன் அளவுகோலின்படிதான் தரும். தவணையும் தவறாமல் கேட்கும். ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் அறிமுகமில்லாத ஒரு தொழிலில் கொட்டுவதைவிட, குடும்பத்தில் ஏற்கெனவே பழக்கமான தேனீ வளர்ப்போ, ரப்பர் சார்ந்த தொழிலோ, வாழைப்பழ மதிப்புக்கூட்டலோ, வாகன இயந்திரப் பழுதுபார்ப்போ எதுவோ அதை விரிவாக்குவது பாதுகாப்பானது. பட்டாளத்தில் இ.எம்.இ.யில் பணியாற்றியவர் கையில் ஒரு தொழில் ஏற்கெனவே இருக்கிறது.

மருத்துவம்

2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டத்தின் (இ.சி.எச்.எஸ்.) மருந்தகம், அதாவது பாலிகிளினிக், நாகர்கோவிலில் உள்ளது. இது மத்திய அரசின் திட்டம். நல அலுவலகம் இதை நடத்துவதில்லை. மருந்தகத்தின் பரிந்துரையோடு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்குச் செல்வதே முறை. நெருக்கடியில் அங்கீகாரமில்லாத மருத்துவமனையில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் மருந்தகத்துக்குத் தகவல் தர வேண்டும். தராவிட்டால் செலவை மீளப்பெறுவது பெரும்பாடு. பெற்றோரைச் சார்ந்தோராகச் சேர்க்க அவர்களின் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். வேலைக்குப் போய்விட்ட மகனின் அட்டையை ஒப்படைக்காமல் வைத்திருப்பது பிடிபட்டால் குடும்பம் முழுவதற்கும் தொல்லை வரும்.

ஏழாம் படி: மனுவும் குறைதீர்க்கும் கூட்டமும்

முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்குமான சிறப்புக் குறைதீர்க்கும் கூட்டம் மாவட்ட ஆட்சியர் தலைமையில் அவ்வப்போது நடைபெறும். நாளிதழ்களில் அறிவிப்பு வரும். மனுவை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோக வேண்டும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை இருக்கட்டும். நிலத்தகராறு, பட்டா மாறுதல், ஓய்வூதியப் பாக்கி மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், அது மூன்று துறைகளுக்கும் சுற்றி எங்கும் முடியாமல் நிற்கும். பணியிலிருக்கும் வீரரின் குடும்பமும் மனு தரலாம். காஷ்மீரிலோ அருணாசலத்திலோ நிற்பவர் வேலி எல்லைப் பிரச்சினைக்காக விடுப்பெடுத்து வர இயலாது என்பதால், அவர் தம் படைப்பிரிவின் தலைமை அதிகாரி வழியாக ஆட்சியருக்கு எழுதும் கடிதத்துக்கு மதிப்பு உண்டு.

ஓய்வூதியம், ஊனமுற்றோர் ஓய்வூதியம் தொடர்பான சட்டச் சிக்கல்களை 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. அதற்குச் சென்னையில் அமர்வு உண்டு. அங்கே போகுமுன், 2025 ஜூலை 26 அன்று தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தொடங்கிய 'வீர் பரிவார் சகாயதா' திட்டத்தின்படி கட்டணமில்லாச் சட்ட உதவி கேட்கலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் வழி சொல்வார்கள்.

மரியாதை செய்யும் நாட்கள்

பணத்தைப் பற்றி மட்டும் பேசினால் இத்துறையின் பணி பாதிதான் தெரியும். டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். 1949 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. சிவப்பு, அடர்நீலம், வெளிர்நீலம் கொண்ட அந்தச் சிறுகொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு உண்டியலில் போடும் தொகைதான் மேலே சொன்ன உதவிகளில் பலவற்றுக்கு ஊற்று. அன்று ஆட்சியர் நிதி வசூலைத் தொடங்கி வைப்பதும், முன்னாள் படைவீரர்களுக்குத் தேநீர் விருந்தளித்து உதவிகளை வழங்குவதும் வழக்கம். பள்ளிப் பிள்ளைகளிடம் உண்டியலை நீட்டுவதோடு நிறுத்தாமல், அந்தக் கொடி எதற்கு என்று ஆசிரியர் ஐந்து நிமிடம் சொன்னால் நன்றாயிருக்கும்.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற நாள் அது. தமிழ்நாட்டில் பொங்கலோடு ஒட்டி வருவதால் நம்மிடம் அது எடுபடுவதில்லை. வேறு நாளில் மாவட்ட அளவில் ஒரு சந்திப்பை வைக்கலாம் என்பது என் கருத்து. ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், டிசம்பர் 16 வங்கதேசப் போர் வெற்றி நாள் ஆகியவற்றில் வீரர்களின் குடும்பத்தினர் அழைத்துச் சிறப்பிக்கப்படுகிறார்கள். குளச்சல் வெற்றித்தூணில் திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ நிலையத்தினர் வந்து மரியாதை செலுத்துவதும் உண்டு.

வீர விருது பெற்றவர்களுக்கு மத்திய அரசின் மாதப்படியோடு மாநில அரசின் ரொக்கப் பரிசும் உண்டு. விருது அறிவிக்கப்பட்ட இந்திய அரசிதழின் நகலோடு நல அலுவலகத்தில் கோர வேண்டும். தானாகத் தேடி வராது. பணியில் உயிரிழந்த வீரரின் உடல் திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக ஊருக்கு வரும்போது, எல்லை தாண்டும் ஏற்பாடு முதல் அடக்கம் வரை நல அலுவலகம் குடும்பத்தோடு நின்று மாவட்ட நிர்வாகத்துடன் இணைந்து செயல்படும். குடும்பத்தில் ஒருவர், பெரும்பாலும் மாமாவோ மூத்த மைத்துனரோ, அலுவலகத்தோடு பேசும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு தம் கைபேசி எண்ணைத் தந்துவிட்டால், அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் யாரும் தாள்களைக் கேட்டு நிற்க வேண்டியிராது.

கொடிநாள் விருந்துக்கும் சுதந்திர தின விழாவுக்கும் அழைப்பு, பதிவேட்டில் உள்ள முகவரிக்கும் கைபேசி எண்ணுக்கும்தான் போகிறது. வீடு மாறியவர்களும் எண் மாற்றியவர்களும் அடுத்த முறை நாகர்கோவில் செல்லும்போது அதை எழுதிக்கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.